தூணோரக் கண்ணாடி

கண்ணாடி துடைக்கிறவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிதான் எமன். காலையில் பளிச்சென்று சிரித்த கண்ணாடி, வெயில் சாய்ந்ததும் குட்டை உடைத்துவிடும். எங்கே விரல் பட்டது, எங்கே துணி ஓடவில்லை, எந்த மூலையில் பசைப் பிசுக்கு தங்கிவிட்டது என்று ஒன்று விடாமல் கோள் சொல்லும். மூத்தவளுக்கு இது பதினோரு வருஷமாகத் தெரிந்த சங்கதி. ஆனால் கடந்த எட்டு மாதமாக அந்த நேரத்தில் அவள் எந்த ஜன்னலையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மூத்தவள் என்றால் மூத்த மருமகள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள். கீழே மூத்தவள், மாடியில் இளையவள். மாமியார் கண்ணை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் வைத்த பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. வேலைக்குப் போன இடத்திலும் பெரிய அக்கா, சின்ன அக்கா. ஓரகத்திகள் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள் என்று நினைத்து வந்தவர்கள், இவர்கள் ஒரே வாளியில் துணி நனைப்பதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

புதுக் கட்டடம் என்றால் ஒவ்வொரு கண்ணாடியிலும் நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் வரும். கட்டுகிறவர்கள் அதைக் கையோடு உரிக்க மாட்டார்கள். நாலைந்து மாதம் வெயிலில் வெந்து, காகிதம் தனியாகவும் பசை தனியாகவும் பிரிந்து, பசை மட்டும் கல்லாகிப் போயிருக்கும். அப்போதுதான் இவர்களைக் கூப்பிடுவார்கள். முதலில் கண்ணாடியைக் கழுவி சிமெண்டுத் தூசியைப் போக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பசையின் மேல் ஒட்டி வைத்து ஊறவிட வேண்டும். அடம்பிடித்தால் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவ வேண்டும். அதன் பிறகுதான் பிளேடு. அதுவும் படுக்க வைத்து, முன்னால் தள்ள மட்டும்தான். தள்ளினால் எடுத்துவிட வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். பிளேடை அப்படியே பின்னால் இழுத்தால், அதன் வாயில் சிக்கிய மணல் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். போட்ட கோடு போட்டதுதான், அதை அழிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

இந்த வேலைக்கு முதலில் வந்தது மூத்தவள். மூன்று வருஷம் கழித்து இளையவள் சேர்ந்தாள். இளையவள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ரகம். காஸ் அடுப்பைப் பற்றவைக்கக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்குக் கண்ணாடி மட்டும் எப்படியோ கைவந்தது. அவசரமே படமாட்டாள். பசையோடு பேசிக்கொண்டே எடுப்பாள். "வா, வா, உனக்கு நேரமாச்சு, கிளம்பு" என்று அவள் முணுமுணுப்பதைக் கேட்டுக் கொத்தனார்கள் சிரிப்பார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம்தான் உட்காருவாள். தான் துடைத்த கட்டடம் வந்தால் விரலை நீட்டி, "அந்த ரெண்டாவது மாடி என்னுது" என்பாள். வீடே வாங்கிவிட்ட தோரணையில் சொல்வாள். மூத்தவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் சூப்பர்வைசர், "சின்ன அக்கா துடைச்சா கண்ணாடி இருக்கிறதே தெரியல. குருவி வந்து முட்டிக்கப் போகுது" என்றார். அன்றைக்கும் மூத்தவள் சிரித்தாள். சிரிப்பு மட்டும் தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. திறப்பதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மேற்குப் பார்த்து வரிசையாக எட்டுப் பெரிய கண்ணாடி. இடது கோடியில் ஒரு தடித்த தூண். தூணை ஒட்டிய முதல் கண்ணாடியிலிருந்து மூத்தவள் ஆரம்பித்தாள். வலது கோடியிலிருந்து இளையவள். பதினொரு மணிக்கு மூத்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தால் இளையவள் தன் பக்கத்து மூன்றாவதற்கு வந்துவிட்டாள். இவள் இன்னும் முதலாவதில் நின்றாள்.

பிளேடு மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் ஈரத்தோடு உறையில் போட்ட பிளேடு அது, வாயில் துருப் பொட்டு இருந்தது. பசை சரியாக ஊறவில்லை என்றும் தெரியும். துணியை எடுத்தவள், அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவது போல முன்னும் பின்னும், முன்னும் பின்னும் இழுத்தாள். பத்து இழுப்பு இருக்கும். பசை போய்விட்டது. ஈரக் கண்ணாடியில் வேறொன்றும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, ஏணி ஏறினால் பெரிய அக்காவுக்குத் தலை சுற்றும் என்று இளையவளே வந்து அந்தப் பக்கத்துக் கண்ணாடிகளின் மேல் பாதியை முடித்தாள். இறங்கும் வழியில் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பிளேடும் ஓட்டிவிட்டாள்.

ஐந்து மணிக்குச் சூப்பர்வைசர் வந்தார். ஆபீஸிலிருந்து நேரே இந்த வேலைக்கு வந்தவர், பிளேடைக் கையால் தொட்டதில்லை. ஆனால் கண் இருந்தது. வெயில் சாய்ந்து கூடத்துக்குள் விழ, தூணோரக் கண்ணாடியில் நெஞ்சு உயரத்தில் வளைவு வளைவாகக் கோடுகள், விரித்த விசிறி மாதிரி மின்னின.

"இது யாரு கை?" என்றார்.

மூத்தவள் வாயைத் திறந்தாள். 'நான்தான்' என்பது சின்ன வார்த்தைதான். அது வெளியே வருவதற்குள் ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மூச்சுக்குள் இளையவள் முந்திக்கொண்டாள்.

"நானாத்தான் இருக்கும் சார். மத்தியானம் கடைசியா அதுல பிளேடு போட்டது நான்தான்."

இழுத்த மூச்சை மூத்தவள் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது நடுவே புகுந்து ஏதாவது சொல்லியிருப்பாள் என்று மூத்தவள் பின்னால் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவர் பெருமூச்சு விட்டு, சின்ன அக்கா இனிமேல் கண்ணாடிப் பக்கம் வேண்டாம், தரை துடைக்கிற கூட்டத்தோடு போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவ்வளவு பெரிய கண்ணாடியை மாற்ற வழியில்லாமல், கோடுகளின் மேல் ஒரு போஸ்டரை ஒட்டினார்கள். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம்.

இளையவள் இரண்டு நாள் தரை துடைத்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் சலவைக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். "துணி கீறாது பாருங்க" என்று சிரித்தாள்.

மூத்தவளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் பழியைத் தாங்கிக்கொள்கிற ஆள் என்று அவளுக்கு நல்ல பெயர். பால் பொங்கி வழிந்தால், "நான்தான் பக்கத்துல நின்னு பாக்காம விட்டுட்டேன்" என்பாள். கொழுந்தனார் சாவியைத் தொலைத்தால், "நான் பெருக்கும்போது எங்கயோ தள்ளிட்டேன் போல" என்பாள். சின்னச் சின்னத் தப்பையெல்லாம் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்வதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. எல்லாரும் "அண்ணி மாதிரி வருமா" என்பார்கள். நிஜமாகவே தன்னுடைய தப்பு ஒன்று வந்து நின்றபோதுதான் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. ஆனால் மாதம் ஒருமுறை அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குத் துடைக்கப் போக வேண்டியிருந்தது. போஸ்டரில் இருந்தவள் அத்தனை பல்லையும் காட்டி இவளையே பார்த்தாள். லாரி ஓட்டுகிற கணவனிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் டயருக்குக் காற்று போதுமா என்று தட்டிப் பார்த்துக்கொண்டே, அவளுக்குத்தான் வேறு வேலை கிடைத்துவிட்டதே, கிளறாமல் விடு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் இரண்டு பேரும் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் ஒரு போர்வைக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். முகம் தெரியாத இடத்திலிருந்து சொல்வது சுலபமாக இருந்தது.

"அந்தத் தூணோரக் கண்ணாடி இருக்கே. அதைக் கீறினது நான்தான்டி."

போர்வைக்கு அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் நின்றது. பிறகு சிரிப்புச் சத்தம்.

"நீங்க இதையும் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. பாலு பொங்கினா நீங்க, சாவி தொலைஞ்சா நீங்க. இதையாவது என்கிட்ட விடுங்க." கிளிப்பை மாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என் கைதான் ஏமாத்திருச்சு. நல்லா வருதுன்னு நானே நினைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று மூத்தவள் இன்னொரு தரம் சொன்னாள். அழுத்திச் சொன்னாளா என்று கேட்டால், இல்லை. நம்பாதே என்று கெஞ்சுகிற குரலில் ஒரு உண்மையைச் சொல்ல முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். படி இறங்கும்போது, 'சொல்லிட்டேனே, அவ நம்பலைன்னா நான் என்ன செய்ய' என்று மனசு கணக்காக ஒரு சாக்கை எடுத்து நீட்டியது. அந்தச் சாக்கைக் கட்டிக்கொண்டு இன்னும் ஐந்து மாதம் ஓட்டினாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மூச்சை உள்ளே வைத்துக்கொண்டது ஒரு நொடித் தப்பு. இது ஐந்து மாதத் தப்பு.

இளையவள் வீட்டுக்குப் புதிதாக ஒரு இரும்பு பீரோ வந்தது, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. ஒரு மாதம் கழித்து மாடிக்குப் போன மூத்தவள், அந்தக் கண்ணாடியின் நடுவே ஒரு துண்டு தொங்குவதைப் பார்த்தாள். விலக்கினால் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர். ஓரம்கூடக் கிள்ளியிருக்கவில்லை.

"என்னடி இது, அப்படியே வச்சிருக்க?"

"நீங்க வந்து எடுத்துக் குடுங்கக்கா. நான் தொட்டா கீறிடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். இல்லை. பயந்து இரண்டடி தள்ளி நின்றாள், காஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது நிற்பது போல. மூத்தவள் பையில் இருந்த பிளேடை எடுத்தாள். இவளிடமிருந்து போனது ஒரு வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். போனது கை.

வெந்நீர்த் துணியை ஒட்டினாள், ஊறவிட்டாள், காகிதத்தை உரித்தாள், பிளேடை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. மூத்தவள் இடது கைக்காரி. சாப்பிடுவது மட்டும் வலது கை. பெருக்குவது, நறுக்குவது, சுரண்டுவது எல்லாம் இடது. கண்ணாடிக்குள் அவளுக்கு எதிரே நின்றவளோ வலது கைக்காரி மாதிரி பிளேடைப் பிடித்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் இளையவளின் முகம். மூத்தவள் பிளேடைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, கையைக் காற்றில் மெல்ல அசைத்தாள். முழங்கை இடது பக்கம் கீழே ஊன்றிக்கொள்ள, கை ஒரு விசிறி விரித்தது. உள்ளே இருந்தவளுக்கு விசிறியின் பிடி எதிர்ப்பக்கம் இருந்தது.

பதினோரு வருஷம் இதே வேலை. விசிறியின் பிடியைப் பார்த்தால் எந்தக் கை என்று தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தோன்றாமல் போனதா, இல்லை தோன்றக் கூடாது என்று மனசே மூடி வைத்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பல் ஆஸ்பத்திரியில் போஸ்டர் வெளுத்துவிட்டது, கிழித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும், பசையை எடுத்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூத்தவள் இளையவளைக் கூப்பிட்டாள். கூட ஆள் இல்லை, நீ வாளி மட்டும் பிடித்தால் போதும், பிளேடு தொட வேண்டாம் என்றாள். சலவைக் கூடம் நாலு மணிக்கு விடும். ஐந்துக்குச் சரியாக இருக்கும் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் கூப்பிட்டாள்.

கூடத்தில் கடைசி நோயாளி ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்தவள் போஸ்டரின் மேல்முனையைப் பிடித்து மெல்ல உரித்தாள். பல்காரி சுருண்டு கீழே வந்தாள். நாலு மூலையிலும் டேப்பின் பசை மஞ்சளாக நின்றது. நடுவில் வெயில் விழுந்து கோடுகள் எரிந்தன.

இளையவள் உடனே தரையைப் பார்த்தாள்.

"நிமிர்ந்து பாரு" என்றாள் மூத்தவள்.

"வேண்டாம்க்கா."

"பாருன்னு சொல்றேன்ல. அந்த விசிறிக்குப் பிடி எந்தப் பக்கம் இருக்கு?"

இளையவள் பார்த்தாள். வளைவுகள் எல்லாம் இடது பக்கம், தூணை ஒட்டிய இடத்தை நடுவாக வைத்துச் சுற்றியிருந்தன.

மூத்தவள் வாளியிலிருந்து நுரையை அள்ளிப் பக்கத்துக் கண்ணாடியில் பூசினாள். இளையவளின் வலது கையைப் பிடித்து, இப்போது சுரண்டுவது போல அசை என்றாள். கை விட்டுப் போன தடத்தில் பிடி வலது பக்கம் இருந்தது. அதன் பக்கத்தில் தன் இடது கையை ஓட்டினாள். அதன் பிடி இடது பக்கம் இருந்தது.

"உன் வலது கையால இந்தக் கோடு வரணும்னா நீ எங்க நிக்கணும் தெரியுமா? அந்தத் தூணுக்கு உள்ள நிக்கணும்." மூத்தவள் கோடுகளைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்குப் பிளேடு மாத்தல, பசை ஊறல. நீ மூணாவதுக்கு வந்துட்ட, நான் ஒண்ணுலயே நிக்கிறேன்னு ஒரு எரிச்சல். முன்னயும் பின்னயும் இழுத்தேன். அவர் கேட்டப்ப வாயத் திறக்கல. உன்னைத் தேத்துறதுக்காகச் சொல்லல. இதோ, கண்ணாடியே சொல்லுது."

இளையவள் தூணைப் பார்த்தாள். அதன் அருகே போய், அதன் மேல் உடம்பை ஒட்டி நின்று, வலது கையைக் கோடுகளுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். கை பொருந்தவில்லை. இன்னும் நெருங்கி ஒட்டிப் பார்த்தாள். தோள் தூணில் இடித்தது. கன்னத்தைப் பிடித்திருந்த நோயாளி இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இளையவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எங்கோ தொலைத்த பொருள் வீட்டிலேயே கிடைத்தது மாதிரி அதையே வெகுநேரம் பார்த்தாள். மூத்தவள் பக்கம் அவள் திரும்பவில்லை.

"அன்னைக்கு மாடியில சொன்னீங்களே. நான் சிரிச்சப்ப, உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சா?"

  இந்தத் தடவை மூத்தவள் மூச்சு இழுக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இருந்துச்சு" என்றாள்.

அங்கே நின்றபடியே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.  அவர், எட்டு மாதம் கழித்துச் சொல்கிறீர்களே, இப்போது நான் என்ன செய்வது என்றார். சின்ன அக்காவைக் கண்ணாடிக்குக் கூப்பிடுங்கள், நான் தரைக்குப் போகிறேன் என்றாள் மூத்தவள். அதை அவள் முடிவு செய்யட்டும் என்று வைத்துவிட்டார். இதை இளையவளிடம் சொன்னாள்.  இளையவள் மூத்தவளின் பையைத் திறந்து, உறையிலிருந்து ஒரு புதுப் பிளேடை எடுத்து, ஸ்கிராப்பரில் மாட்டினாள்.

"தண்ணி ஆறிப்போச்சு. சூடா கொண்டாங்க" என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

மூத்தவள் வாளியை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் பிடித்து வந்தாள். நாலு மூலைப் பசையையும் இளையவளே எடுத்தாள். முதல் மூலையில் பிளேடை வைத்து வைத்து எடுத்தாள். இரண்டாவதில் தயக்கம் குறைந்தது. மூன்றாவதில் உதடுகள் அசையத் தொடங்கின. என்ன முணுமுணுத்தாள் என்று மூத்தவளுக்குக் கேட்கவில்லை. கிட்டப் போகவும் துணியவில்லை. நாலாவது மூலையில் பசை ஒரே சுருளாகச் சுருண்டு வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். இளையவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு முன்பின் தெரியாத அம்மாள். மூத்தவள் இரண்டு இருக்கை தள்ளிக் கம்பியைப் பிடித்து, கால்களுக்கு நடுவே வாளியை வைத்து நின்றாள். வளைவில் பஸ் திரும்பியபோது அந்தப் பழைய கட்டடம் வந்தது. இரண்டாவது மாடி முழுக்கச் சாயங்கால வெயில், ஒரு கோடு இல்லை, ஒரு பிசுக்கு இல்லை.

இளையவளின் விரல் உயர்ந்தது. "அந்த ரெண்டாவது மாடி நான் துடைச்சதுங்க" என்று அந்த அம்மாளிடம் சொன்னாள்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி இருக்கிற மாதிரியே தெரியலையே" என்றாள்.

மூத்தவள் வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஐந்தே முக்கால் மணி வெயிலில் அந்த ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தாள்.